தஸ்ரில் எழுதிவைத்த ரெண்டாங்

பயாகும்பு
பிப்ரவரி 6

'தாப்பூர் செபெராங்' இணையக் கடையின் உரிமையாளர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்கால் வலியைத் தவிர நானும் நலம்.

நான் பயாகும்புவில் 'துங்கு கீதோ' என்ற பெயரில் ரெண்டாங் கறி செய்து இணையத்தில் விற்று வருகிறேன். 'நம் அடுப்பு' என்று, எங்கள் குலத்து வீட்டு அடுப்பை நினைத்து வைத்த பெயர் அது. போன வாரம் பாத்தாமிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து, "என்னம்மா, கறியைச் சர்க்கரைப் பாகுல ஊற வச்சா அனுப்பினீங்க? என் மாமியார் ஒரு வாய் வச்சிட்டுத் துப்பிட்டாங்க" என்று சத்தம் போட்டார். நான் இந்த மாதம் பாத்தாமுக்கு ஒரு பொட்டலம்கூட அனுப்பவில்லை. விசாரித்தால், அவர் வாங்கியது தங்கள் கடையில்; பக்கத்தைப் பார்த்து என் கடை என்று நினைத்துவிட்டார்.

தங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் பக்கத்தையே பார்ப்பது போலிருந்தது. கறியைப் பற்றி எழுதியது, மசாலாவைப் பற்றி எழுதியது, பொட்டலத்தை எப்படிச் சூடாக்குவது என்று எழுதியது, எல்லாமே எங்களுடையவை. படம்கூட அதுதான். அதில் கரண்டி பிடித்திருக்கும் கை காலஞ்சென்ற என் அம்மாவின் கை.

பாடாங்கிலிருந்து மக்காவுக்கு உம்ரா பயணம் நடத்தும் எஃபெந்தி ஐயா, தன் பயணிகளுக்கு வேண்டிய ரெண்டாங் முழுவதையும் இந்த ஆண்டு என்னிடம் வாங்குவதாக இருந்தார். அவரும் இரண்டு பக்கங்களையும் பார்த்திருக்கிறார். "ரெண்டுல எதும்மா அசலு? அது தெரியாம நான் எப்படி வாங்குறது?" என்று கேட்கிறார். என்னிடம் வேலை செய்யும் நான்கு பெண்களின் பிழைப்பு அந்த ஆர்டரில்தான் இருக்கிறது.

தெரியாமல் நடந்திருக்கலாம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

மதிப்புடன்,
யுஸ்னிதார்

பயாகும்பு
பிப்ரவரி 23

கடை உரிமையாளருக்கு,

ஸலாம். நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகத்தானே இருக்கிறீர்கள்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. பக்கமும் அப்படியே இருக்கிறது. நேற்று மறுபடி வரி வரியாகப் படித்தேன். "எங்கள் வீட்டில் ரெண்டாங் கிளறுகிறவரிடம் யாரும் கடன் கேட்கக் கூடாது, கோபத்தில் கை வேகமாகிக் கறி உடைந்துபோகும்." இதையுமா எடுப்பார்கள்? எந்த வீடு அது? யார் யாரிடம் கடன் கேட்டார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

இதை எழுதியவன் என் தம்பி தஸ்ரில். ஒவ்வொரு வரியும் அவன் எழுதியது. இறந்து மூன்று வருடம் ஆகிறது. இறந்தவனின் எழுத்தில் கை வைப்பது கல்லறையில் கை வைப்பதற்குச் சமம்.

உங்களுக்கும் எனக்கும் இணையத்தில் கடை போட இடம் கொடுத்திருப்பது ஒரே நிறுவனம்தான். விசாரித்துவிட்டேன். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். பிறகு அவர்களிடம் புகார் கொடுப்பேன்.

யுஸ்னிதார்

பாத்தாம்
மார்ச் 5

யூஸ் அக்காவுக்கு,

ஸலாம். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? இஞ்சி வைத்துக் கட்டினால் கொஞ்சம் கேட்கும் என்று முன்பு சொல்வீர்கள். உங்கள் தாய்மாமாவும் வீட்டில் மற்றவர்களும் நலமா? நானும் ஹஸ்னாவும் நலம். அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். என்னைவிட உயரம்.

இந்தக் கடை என்னுடையதுதான்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போன் நம்பர் தரவில்லை என்று கோபிக்காதீர்கள். பேச்சில் நீங்கள் என்னை எப்போதும் ஜெயித்துவிடுவீர்கள். எழுத்தில் என்றால் நான் கொஞ்சம் யோசித்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் தம்பி இறந்த நாற்பதாம் நாள் மாமா எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "நிலமும் வீடும் குலத்துச் சொத்து, அது சகோதரி பக்கம்தான். தஸ்ரில் தன் கையால சம்பாதிச்சது அவன் பொண்டாட்டி பிள்ளைக்கு. நம்ம ஊரு வழக்கம் இது." நீங்களும் தலையாட்டினீர்கள். மோட்டார் சைக்கிளும் அவருடைய துணிமணியும் எனக்கு வந்தன. அவர் எழுதியதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அது யாருக்குப் போயிற்று, அக்கா?

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சுமார்னி

பயாகும்பு
மார்ச் 6

சுமார்னிக்கு,

ஸலாம். நான் நலம். முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நீயா? இரண்டு கடிதத்திலும் 'தாங்கள், தாங்கள்' என்று உனக்கா எழுதிக்கொண்டிருந்தேன்! அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ரெண்டாங்கில் சர்க்கரை போடும் ஆள் இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். ஜாவாக்காரிக்கு வெந்நீர் வைத்தாலும் அதில் ஒரு கரண்டி சர்க்கரை வேண்டும்.

வழக்கம் எனக்கே சொல்லிக் கொடுக்கிறாயா? அவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான், அது சம்பாத்தியம். சரி. ஆனால் பக்கத்தில் எழுதியிருப்பது யாருடைய அடுப்பு? எங்கள் அம்மா செய்த பக்குவம், எங்கள் வீட்டுப் பேச்சு. அவன் அதை எழுதி வைத்தான், அவ்வளவுதான். குலத்து வயலில் உழுதவன் வயலைப் பெண்டாட்டிக்குக் கொடுக்க முடியுமா?

'எங்கள் வீட்டில்' என்று போட்டிருக்கிறாயே, அது உன் வீடா? நீ எந்தக் குலம்? உன் பெண் எந்தக் குலம்? தாய் வழியாகத்தான் குலம் வரும். தாய்க்கே இல்லை. குலமில்லாத பிள்ளை எந்த வீட்டை 'எங்கள் வீடு' என்று சொல்லும்?

எஃபெந்தி ஐயா மே மாதம் வரைதான் பொறுப்பார். உடனே எடுத்துவிடு.

மதிப்புடன்,
யுஸ்னிதார்

பாத்தாம்
மார்ச் 29

யூஸ் அக்கா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

கடையின் மின்னஞ்சலுக்கு வரும் கடிதங்களைத் திறப்பது ஹஸ்னா. பள்ளிவிட்டு வந்து ஆர்டர்களைப் பார்ப்பது அவள் வேலை. உங்கள் கடிதத்தையும் அவள்தான் திறந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சர்க்கரை பற்றி எழுதிய இடத்தில் சிரித்தாள். கடைசிப் பகுதி வந்ததும் நின்றாள். பிறகு அதையும் சத்தமாகவே படித்து முடித்தாள். "மதிப்புடன்னு முடிச்சிருக்காங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

என்னைச் சொன்னால் எனக்குப் பழக்கம். அவளைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சுமார்னி

பயாகும்பு
மார்ச் 30

சுமார்னி,

ஸலாம். நீ நலமா? ஹஸ்னா நலமா? சாப்பிடுகிறாளா? நோன்பு வேறு. பரீட்சை எப்போது?

நான் எழுதியது உனக்கு. அவள் படிப்பாள் என்று யார் கண்டது? பெரியவர்கள் கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுப்பார்களா? சரி, போகட்டும். அவளுக்கு என்ன பிடிக்கும் இப்போது? சின்னதில் வறுத்த மரவள்ளி என்றால் உயிர். தனியாக அனுப்பட்டுமா? விலாசம் எழுது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். உன் பதிலுக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. போன திங்கட்கிழமை அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். விசாரணை தொடங்கினால் தொடங்கியதுதானாம்.

ஹஸ்னாவைச் சாப்பிடச் சொல்.

யுஸ்னிதார்

பாத்தாம்
ஏப்ரல் 17

யூஸ் அக்காவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு எல்லோரும் சொல்வது, நானும் சொல்லிவிட்டேன்.

பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது என் பக்கத்தை மூடிவிட்டார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் பார்த்தால் கடையே இல்லை. ஏமாற்றுக்காரி என்று நினைத்து இரண்டு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். கறியை வாங்கி வைத்திருந்தேன். கிளறி முடித்து, தெருவில் தட்டு வைத்து விற்றேன். நீங்கள் சந்தோஷப்படலாம், அந்தத் தடவை சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

படத்தில் இருக்கும் கை உங்கள் அம்மாவின் கை என்று எழுதியிருந்தீர்கள். நன்றாகப் பாருங்கள். அந்தப் படம் எடுத்த வருடம் அம்மா கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். நீங்கள் பாடாங்கில் கடை போட்டிருந்தீர்கள். அடுப்படியில் நின்றது நான். அந்தக் கை என்னுடையது. பெருவிரல் பக்கத்தில் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கும். என் கையை நானே திருடியதாகப் புகார் கொடுத்திருக்கிறீர்கள்.

குலத்தைப் பற்றியும் எழுதினீர்கள். என் கல்யாணத்தின்போது மாமா என்ன சொன்னார்? "வெளியூர்ப் பொண்ணு, சனியாகோ குலத்துல சேத்துக்கச் சொல்லி நான் பேசுறேன். ஒரு ஆட்டை அறுத்து நாலு பேருக்குச் சோறு போட்டா முடிஞ்சது. நாளைக்குப் பிள்ளைக்கும் ஒரு குலம் ஆச்சு." அப்போது நடுக்கூடத்தில் நின்று, "எதுக்கு மாமா வீண் செலவு? ஜாவாக்காரி. ரெண்டு வருஷத்துல ஊருக்கு ஓடிடுவா" என்று சொன்னது யார்? நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன், அக்கா. அவர் இறக்கும்வரை பதினாறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். ஓடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமார்னி

பயாகும்பு
மே 2

சுமார்னிக்கும் ஹஸ்னாவுக்கும்,

ஸலாம். இரண்டு பேரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். ரெண்டாங் செய்கிறவளிடம் சொல்லும் பேச்சா இது?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது.

நிறுவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். எழுதியது யார் என்று கேட்டிருந்தார்கள். என் தம்பி தஸ்ரில், ஒவ்வொரு வரியும் அவன் எழுதியது என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் அவர் மனைவியும் மகளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே என்று கேட்கிறார்கள். மாமாவிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சரியாத்தானே கேக்குறான். வரியெல்லாம் அவனோடது, வார்த்தையெல்லாம் அவனோடதுன்னு நீதானே சொன்னே" என்கிறார். எனக்குப் பக்கபலமாக இருக்க வேண்டிய மனிதர்!

உன் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். என் பக்கத்துக்கு இந்த மாதம் இருபதாம் தேதி வரை தவணை. எஃபெந்தி ஐயாவும் அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்கிறார்.

தாளை அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு கையெழுத்து, ஹஸ்னா ஒரு கையெழுத்து. இரண்டு கடையிலும் அந்த எழுத்து இருந்துவிட்டுப் போகட்டும். நான் இப்படிக் கேட்டு நீ பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

மரவள்ளி அனுப்பியிருக்கிறேன். காரம் குறைவு.

யுஸ்னிதார்

பாத்தாம்
மே 9

அத்தைக்கு,

ஸலாம். இரத்த அழுத்தம் குறைந்ததா? மரவள்ளி வந்தது. அம்மா சாப்பிட்டாள்.

இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அம்மா எழுதினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நீங்கள் இரண்டு தடவை நலம் விசாரித்தால் போதும், உருகிவிடுவாள். ஏற்கெனவே பேனாவை எடுத்துவிட்டாள். நான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

உங்களிடம் அவள் சொல்லாததைச் சொல்கிறேன். அம்மா வேலை செய்த ஃபாக்டரியை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் இந்தக் கடை. பக்கத்தை அமைத்தது நான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் பக்கத்தைத் திறந்தேன். அதில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் குரல் மறந்துகொண்டே வருகிறது, அத்தை. அதைப் படித்தால் மட்டும் காதில் கேட்கிறது. அப்படியே எடுத்துப் போட்டேன். உங்கள் முதல் கடிதம் வரும்வரை அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு என்னைத் திட்டினாள், எடுக்கச் சொன்னாள், நான் அழுதேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுத அத்தனை நாள். அப்புறம் தான்தான் செய்ததுபோல உங்களுக்கு எழுதினாள்.

நீங்கள் தேடிய திருடி நான்தான்.

கையெழுத்து விஷயம். அது குலத்து அடுப்பு, குலத்துப் பேச்சு என்று எழுதியிருந்தீர்கள். குலமில்லாத பிள்ளை குலத்துச் சொத்துக்குக் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் போடவில்லை. அம்மாவையும் போட விடமாட்டேன்.

உப்பைக் குறையுங்கள்.

ஹஸ்னா

பயாகும்பு
மே 24

ஹஸ்னாவுக்கும் சுமார்னிக்கும்,

ஸலாம். நான் இருக்கிறேன்.

பக்கத்தைப் பதினைந்தாம் தேதியே எடுத்துவிட்டேன். இருபது வரை காத்திருக்கவில்லை. எஃபெந்தி ஐயாவை நேரில் பார்த்து, "எழுத்து எங்களோடது இல்லைங்க, என் தம்பி மகளோடது" என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப அசலு அங்கதான் இருக்கு" என்றார். ஆர்டர் எனக்கு இல்லை. நான்கு பெண்களில் இரண்டு பேரை நிறுத்திவிட்டேன். அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஹஸ்னா, உன் கடிதத்தை நான்கு நாள் திறந்து திறந்து படித்தேன். என் இரண்டாவது கடிதமும் உன் கைக்கு வந்திருக்கிறது. கல்லறையில் கை வைக்கிறாய் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவின் கல்லறை. எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுதுகிறவன் போய்விட்டான்.

புதுப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். 'ரெண்டாங் நன்றாக இருக்கும்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அதையே போட்டிருக்கிறேன்.

மாமாவிடம் பேசிவிட்டேன். அவர் சனியாகோ குலத்துத் தலைவரிடம் பேசிவிட்டார். சுமார்னியைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்குச் சம்மதம். தாய் சேர்ந்தால் மகளும் சேர்ந்தாள். ஆடு வாங்கியாயிற்று. கொல்லையில் கட்டியிருக்கிறேன், என் மிளகாய்ச் செடி முழுவதையும் மேய்ந்துவிட்டது. நாள் நீங்கள் சொல்வதுதான். பத்தொன்பது வருடம் முன்பு செய்திருக்க வேண்டியது.

இது கையெழுத்துக்காக இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

யுஸ்னிதார்

பாத்தாம்
ஜூன் 7

யூஸ் அக்காவுக்கு,

ஸலாம். முழங்கால், இரத்த அழுத்தம், மிளகாய்ச் செடி எல்லாம் நலமா?

எஃபெந்தி ஐயா எங்களுக்குப் போன் செய்தார். ஹஸ்னா எடுத்தாள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் பேசினாராம். எங்கள் இரண்டு பேர் கையால் அத்தனை பொட்டலம் முடியாது என்று சொல்லிவிட்டோம். யோசிக்க ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

குலத்தில் சேருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆசை இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. இப்போது ஆசை இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஹஸ்னாவிடம் விட்டுவிட்டேன். நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அத்தைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்கம்மா" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னைக் கூப்பிடுறது அத்தையா, இல்ல துங்கு கீதோ கடைக்காரியா?"

பதில் எழுதுங்கள்.

சுமார்னி

பயாகும்பு
ஜூன் 7

ஹஸ்னா,

அத்தைதான். கடைக்காரியிடம் உன்னை அழைக்கச் சொந்தமாக ஒரு வரிகூடக் கிடையாது.

சனிக்கிழமை பாத்தாம் விமானம் இறங்கும்போது பாடாங் விமான நிலையத்தில் நிற்பேன். நீங்கள் வரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமையும் நிற்பேன்.

அத்தை